வேப்பங்கொட்டையும் மருந்துக்கடையும்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் ‘மருந்து’ என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. பிள்ளைக்கு இருமல் வந்தால் பாட்டி ஆடாதொடை இலையை அவித்துக் கொடுப்பது மருந்து. நெல்லில் இலைச்சுருட்டுப்புழு விழுந்தால் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு போய் அடிப்பதும் மருந்து. விதை, உரம், பூச்சிக்கொல்லி விற்கிற கடைக்கும் ‘மருந்துக்கடை’ என்றுதான் பெயர்.

நஞ்சு என்று சொல்ல வேண்டியதை மருந்து என்று சொல்லிப் பழகியதால் அதைக் கையாள்வதிலும் அலட்சியம் வந்துவிட்டது. வெறுங்கையால் கலக்குகிறார்கள், மூடியில் அளந்துவிட்டு அதே மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார்கள், காலி டப்பாவைக் கழுவி எண்ணெய் வாங்க எடுத்துப் போகிறார்கள். இது முதல் தவறு. இதற்கு நேரெதிரான இரண்டாவது தவறும் இருக்கிறது. ‘மூலிகைதானே, என்ன செய்யும்?’ என்று எருக்கம்பாலையும் புகையிலைச் சாற்றையும் அளவில்லாமல் கரைத்து அடிப்பது அது. செடியிலிருந்து வந்த நஞ்சும் நஞ்சுதான்.

இந்த அத்தியாயம் இரண்டு தவறுகளையும் எடுத்துக்கொள்கிறது. எந்த மூலிகையை எந்தப் பூச்சிக்கு, எந்த அளவில் பயன்படுத்தலாம், எதைத் தொடவே கூடாது, வைத்தியத்துக்காக வளர்க்கும் செடியில் பூச்சி விழுந்தால் என்ன செய்வது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

வேம்பு: பூச்சியைப் பட்டினி போடும் மரம்

1959-ஆம் ஆண்டு சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் ஒன்று இறங்கி, கண்ணில் பட்ட பச்சையையெல்லாம் மொட்டையடித்தது. வேப்பமரங்களை மட்டும் அது தின்னவில்லை. அப்போது அங்கே பணியிலிருந்த ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிஷ் ஷ்முட்டரர் இதைக் கண்டு வியந்து, பிறகு வேம்பு ஆராய்ச்சியிலேயே பெரும்பங்கு காலத்தைச் செலவிட்டார். 1962-இல் டெல்லிப் பகுதிக்கு வெட்டுக்கிளி வந்தபோது, இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பிரதானும் அவருடைய குழுவினரும் வேப்பம்பருப்புக் கரைசலைப் பயிர்களில் தெளித்துப் பார்த்தார்கள். வெட்டுக்கிளிகள் அந்தப் பயிர்களில் வந்து உட்கார்ந்தன; ஆனால் தின்னவில்லை.

இந்தக் குணத்துக்குக் காரணமான அசாடிராக்டின் என்ற பொருளை 1968-இல் இங்கிலாந்தில் பிரித்தெடுத்தார்கள். அதன் அமைப்பு அவ்வளவு சிக்கலானது. ஆய்வுக்கூடத்தில் அதை முழுமையாகச் செயற்கையாக உருவாக்க கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் லே குழுவினருக்கு 22 ஆண்டுகள் பிடித்தன. 2007-இல்தான் வெற்றி கிட்டியது. அதே பொருளை நம் வீட்டு வாசல் வேம்பு ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் கொட்டையில் வைத்துக் கீழே உதிர்க்கிறது.

இந்த அறிவு யாருக்குச் சொந்தம் என்பதற்கு ஒரு வழக்கே நடந்தது. வேப்பெண்ணெயால் பயிர்ப் பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்க வேளாண்மைத் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. வந்தனா சிவாவும் ஐரோப்பியப் பசுமைக் கட்சியினரும் உலக இயற்கை வேளாண் இயக்கக் கூட்டமைப்பும் அதை எதிர்த்தார்கள். இந்தியாவில் இதை முன்பே செய்து பார்த்த தொழில்முனைவோர் ஒருவர் நேரில் போய்ச் சாட்சி சொன்னார். 2000-இல் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005-இல் தள்ளுபடியானது.

வேம்பு வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டவர்தான் அதைச் சரியாகப் பயன்படுத்த முடியும். மருந்துக்கடைப் பூச்சிக்கொல்லியைப் போல இது அடித்த ஒரு மணி நேரத்தில் புழுவைச் சாகடித்துத் தரையில் கொட்டாது. புழு இலையைக் கடிக்கும். கசப்பால் தின்பதை நிறுத்தும். தின்ற கொஞ்சமும் உள்ளே போய், தோலுரிப்பதற்கான சுரப்பைக் கெடுக்கும். தோலுரிக்க முடியாத புழு வளர முடியாமல் சாகும். தாய்ப்பூச்சியும் அந்த இலையில் முட்டையிடத் தயங்கும். இதெல்லாம் நடக்க மூன்று நான்கு நாட்கள் ஆகும். அதனால்தான் அடித்த மறுநாள் வயலுக்குப் போய், புழு உயிரோடிருப்பதைப் பார்த்துவிட்டு ‘வேம்பு கேட்கவில்லை’ என்று சொல்பவர் ஏமாந்து போகிறார். அவர் பார்க்க வேண்டியது புதிதாக இலை கடிபட்டிருக்கிறதா என்பதை.

இன்னொன்று, வேம்பு சிறு புழுவுக்குத்தான் சரியாக வேலை செய்யும். விரல் நீளம் வளர்ந்த காய்ப்புழுவுக்கு வேப்பங்கொட்டைச் சாறு அடிப்பது வீண். முட்டையும் சிறு புழுவும் தென்படும்போதே அடித்துவிட வேண்டும்.

வேப்பங்கொட்டைச் சாறு தயாரிக்கும் முறை

எல்லாம் கொட்டையின் தரத்தில் இருக்கிறது. மரத்தடியில் மழையில் நனைந்து கறுத்துக் கிடப்பதை அள்ளி வருவதில் பயனில்லை. பழமாக உதிர்ந்ததை அன்றன்றே பொறுக்கி, சதையைப் பிசைந்து கழுவி எடுத்து, நிழலில் நன்றாகக் காய வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். சணல் சாக்கிலோ ஓலைக் கூடையிலோ காற்றோட்டமாக வைக்க வேண்டும். நன்றாக வளர்ந்த ஒரு மரம் ஆண்டுக்கு 30 முதல் 50 கிலோ வரை பழம் கொடுக்கும்.

கொட்டை நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நான்கைந்தை உடைத்துப் பார்த்தால் போதும். உள்ளே பருப்பு பச்சை ஓடிய நிறத்தில் இருந்தால் நல்லது. பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். பொறுக்கி மூன்று மாதத்துக்குக் குறைந்ததும் எட்டு மாதத்துக்கு மேற்பட்டதும் சரிப்படாது. இடைப்பட்ட காலத்துக் கொட்டையில்தான் சத்து கூடுதல் என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிறது.

அளவு 5 சதவீதம். அதாவது 100 லிட்டர் தெளிப்பு நீருக்கு 5 கிலோ பருப்பு. ஓர் ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிப்பவர் 10 கிலோ பருப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுத் தோட்டத்துக்கு 10 லிட்டர் டேங்க் ஒன்றென்றால் அரைக் கிலோ.

முதல் நாள் மாலை பருப்பை உரலில் இட்டு இடிக்க வேண்டும். எண்ணெய் பிரிந்து வரும் அளவுக்கு அரைக்கத் தேவையில்லை. ஒன்றிரண்டாக நொறுங்கினால் போதும். அதைப் பருத்தித் துணியில் தளர்வாக மூட்டை கட்டி, 5 கிலோவுக்கு 10 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் ஊறப் போட வேண்டும். விடிந்ததும் மூட்டையைத் தூக்கிப் பிழிந்தால் தேங்காய்ப்பால் மாதிரி வெளுத்த சாறு வடியும். வாசனையே தொண்டையைக் கசக்க வைக்கும். சாறு வெளுக்காமல் டீத்தண்ணீர் போல இறங்கினால் கொட்டை பழசு என்று தெரிந்துகொள்ளலாம். அதே தண்ணீரில் மூட்டையை முக்கி முக்கி, வெண்மை குறையும் வரை பிழிய வேண்டும்.

பிறகு சாற்றை மெல்லிய துணியில் இன்னொரு முறை வடிகட்ட வேண்டும். இல்லாவிட்டால் தெளிப்பானின் முனை அடைத்துக்கொண்டு பாதி வயலில் நிற்க வேண்டியிருக்கும். வடித்ததை 100 லிட்டராகப் பெருக்கி, லிட்டருக்கு 10 மி.லி. காதி சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். சோப்பு இல்லாமல் அடித்தால் சாறு தாமரை இலைத் தண்ணீராக இலையில் ஒட்டாமல் உருண்டுவிடும்.

தெளிக்கும் நேரம் மாலை. அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும்; காலையில் அடித்தால் பூச்சி தின்னும் முன்பே பாதி வீரியம் போயிருக்கும். தேனீக்களும் மாலையில் கூடு திரும்பியிருக்கும். சாற்றை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்; மிச்சத்தைப் பாட்டிலில் பிடித்து அடுத்த வாரத்துக்கு வைப்பதில் பயனில்லை. இலையின் மேல்புறம் மட்டும் நனைத்தால் போதாது. அசுவினியும் வெள்ளை ஈயும் குடியிருப்பது இலையின் அடியில்.

கொட்டை கிடைக்காதவர்களுக்கு வேப்பெண்ணெய் உண்டு. லிட்டருக்கு 30 மி.லி. எண்ணெய், அதோடு சோப்புக் கரைசல். முதலில் எண்ணெயையும் சோப்பையும் நன்றாகக் கலக்கி, பால் போலத் திரண்ட பிறகே தண்ணீரில் ஊற்ற வேண்டும். எண்ணெய் மேலே மிதந்தால் அது விழுகிற இலை கருகும்.

வேப்பெண்ணெய் இலைக்கு மேல் அடிக்கத்தான். குழந்தையின் வாயில் ஊற்றுவதற்கல்ல. சளிக்கும் குடல் பூச்சிக்கும் என்று குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டும் வழக்கம் மலேசியத் தமிழ்க் குடும்பங்களிலும் இருந்தது. அப்படிப் புகட்டப்பட்ட குழந்தைகள் வாந்தி, மயக்கம், வலிப்போடு கொண்டுவரப்பட்டதையும், மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டதையும் மலேசிய மருத்துவர்கள் 1981-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். ஒரு மரத்தின் ஒரே எண்ணெய்தான். எங்கே பயன்படுகிறது என்பதைப் பொறுத்து அதன் குணம் மாறுகிறது.

ஐந்திலைக் கரைசலும் சமையலறைக் கரைசலும்

எந்த இலையைப் பூச்சிக்கு எடுப்பது என்று கேட்டால் இயற்கை விவசாயிகள் மூன்று அடையாளம் சொல்வார்கள்: ஒடித்தால் பால் வர வேண்டும், அல்லது கடித்தால் கசக்க வேண்டும், அல்லது ஆடு மாடு வாய் வைக்காததாக இருக்க வேண்டும். இதில் நல்ல அனுபவ அறிவு இருக்கிறது. தன்னைத் தின்ன வருவதை விரட்ட இந்தச் செடிகள் கசப்பையும் பாலையும் வாசனையையும் சுரக்கின்றன. அதைத்தான் கடன் வாங்குகிறோம்.

வழக்கமாகச் சேர்ப்பவை வேம்பு, நொச்சி, ஆடாதொடை, புங்கு, எருக்கு. ஒவ்வொன்றிலும் 2 கிலோ எடுத்து இடித்து, மூழ்கும் அளவுக்குக் கோமியம் ஊற்றி, நிழலில் ஏழு முதல் பத்து நாள் மூடி வைத்து, தினமும் குச்சியால் கிண்டிவிடுவார்கள். வடித்த பிறகு 10 லிட்டர் டேங்குக்கு அரை லிட்டரில் தொடங்கி ஒரு லிட்டர் வரை ஊற்றுவது வழக்கம். இது ஊருக்கு ஊர் மாறும் கணக்கு. ஆகவே முதலில் வயலின் ஓர் ஓரத்தில் பத்துச் செடிக்கு மட்டும் அடித்து, இரண்டு நாள் பொறுத்து, இலை கருகவில்லை என்று உறுதியான பிறகே முழு வயலுக்கும் போக வேண்டும். நாளைக்குப் பறித்துச் சமைக்கப் போகும் கீரையில் கோமியம் சேர்ந்த எதையும் அடிக்கக் கூடாது.

மாடித்தோட்டக்காரர்களுக்குச் சுலபமானது இஞ்சி, பூண்டு, மிளகாய்க் கரைசல். ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பூண்டு 18 கிராம், இஞ்சி 9 கிராம், பச்சை மிளகாய் 9 கிராம். அரைத்துக் கரைத்து வடித்து, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து அடித்தால் அசுவினியும் இலை தின்னும் புழுவும் குறையும். அரைக்கும்போதும் அடிக்கும்போதும் கண்ணைக் காத்துக்கொள்ள வேண்டும். காற்று எதிரே அடிக்கையில் தெளித்தால் செடியை விட அடிப்பவருக்கே எரிச்சல் அதிகம்.

இவையெல்லாம் சிறு தோட்டத்துக்குத்தான், பெரிய பண்ணைக்கு ஆகாது என்பவர்களுக்கு ஓர் ஊரையே காட்டலாம். இன்றைய தெலங்கானாவில் பழைய கம்மம் மாவட்டத்தைச் சேர்ந்த புனுகுலா, பருத்தி விளையும் கிராமம். பூச்சிக்கொல்லிக் கடனில் மூழ்கியிருந்த அந்த ஊர் 2000-களின் தொடக்கத்தில் வேப்பங்கொட்டைத் தூள், மிளகாய்-பூண்டுக் கரைசல், பொறிப்பயிர், இனக்கவர்ச்சிப் பொறி ஆகியவற்றைக் கொண்டே பருத்தியைக் காப்பாற்றி, பூச்சிக்கொல்லி தெளிக்காத ஊர் என்று தன்னை அறிவித்துக்கொண்டது. அதைப் பார்த்து ஆந்திர அரசு அந்த முறையை மற்ற கிராமங்களுக்கும் கொண்டுபோனது. புனுகுலாவில் மூலிகை மட்டும் தனியாக நின்று வேலை செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பொறி வைத்தார்கள், பயிரை மாற்றினார்கள், தினமும் வயலைப் பார்த்தார்கள். கரைசல் அதற்குத் துணை நின்றது.

விதைக் குதிருக்கு வசம்பு

பயறு வகைகளைக் காய வைத்து எடுத்து வைத்த இரண்டாவது மாதமே வண்டு துளைத்துவிடும். இதற்கு வசம்பு நல்ல துணை. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் வசம்புத் தூள் கலந்து வைத்தால் வண்டு அண்டாது. வசம்பிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் வண்டின் இனப்பெருக்கத்தையே முடக்குகிறது. அரிசிப் பானைக்கும் நெற்குதிருக்கும் காய்ந்த நொச்சி இலையும் வேப்பிலையும் போதும். துவரைக்குச் செம்மண் கட்டிக் காய வைப்பது கொங்கு நாட்டிலும் தென் மாவட்டங்களிலும் இன்னும் நடக்கிறது.

வசம்புத் தூள் கலந்ததை விதைக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றும் ‘பேர் சொல்லா மருந்து’ என்றும் கொண்டாடப்படும் வேர்தான் அது. ஆனால் பீட்டா அசரோன் எலிகளில் புற்றுநோயை உண்டாக்கியதால் அமெரிக்கா 1968-இலேயே உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்தது. சுட்டு உரசி, நாக்கில் தொட்டு வைப்பது ஓர் அளவு. உழக்கு உழக்காக அரிசியில் கலப்பது வேறு அளவு.

தொடக் கூடாத இலைகள்

சில செடிகளின் பெயர் பூச்சிவிரட்டிப் பட்டியல்களில் அடிக்கடி வரும். அவற்றை இந்நூல் பரிந்துரைக்கவில்லை. காரணம் ஒவ்வொன்றுக்கும் உண்டு.

புகையிலை: அதன் நிகோடின் பூச்சியின் நரம்பைத் தாக்குவது போலவே மனிதனின் நரம்பையும் தாக்கும், அதுவும் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். ஈரமான புகையிலை இலையைப் பறிக்கும் கூலியாட்களுக்கே தலைசுற்றலும் வாந்தியும் வரும். நிகோடின் சல்ஃபேட்டைப் பூச்சிக்கொல்லியாகப் பயன்படுத்த இந்தியாவில் தடை இருக்கிறது. புகையிலைச் சாறு நன்மை செய்யும் பூச்சிகளையும் சேர்த்துக் கொல்லும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் தேமல் நோய் வைரஸைக் கொண்டுபோகவும் கூடும்.

ஆடுதின்னாப்பாளை: ஆடுகூடத் தின்னாது என்று பெயரே சொல்கிறது. இதிலும் இதன் இனத்துச் செடிகளிலும் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலர் சிறுநீரகத்தை இழந்தது 1990-களில் தெரியவந்தபோது, அதற்குக் காரணம் இதே இனத்து மூலிகை ஒன்று கலந்திருந்ததுதான் என்று கண்டுபிடித்தார்கள். இதைப் பயிருக்கும் அடிக்க வேண்டாம், கஷாயமாகவும் குடிக்க வேண்டாம்.

சீத்தாப்பழ விதை: பேனுக்குத் தலையில் தேய்க்கும் தூள் கண்ணில் விழுந்து விழிப்படலம் புண்ணாகிக் கண் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் உண்டு. எருக்கம்பாலும் அப்படியே. ஐந்திலைக்கு எருக்கிலை பறிப்பவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், பால்பட்ட கையால் கண்ணைத் தொடக் கூடாது. அதுவும் முடியாதென்றால் எருக்கை விட்டுவிட்டு மற்ற நான்கோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அரளி, ஊமத்தை: இரண்டையும் கரைசலில் சேர்க்க வேண்டாம். அரளி இதயத்தை நிறுத்தும், ஊமத்தை புத்தியைக் கலக்கும்.

ஊமத்தையைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்வது நல்லது. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லி உடம்பில் ஏறினால் எச்சில் ஒழுகும், வியர்த்துக் கொட்டும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், மூச்சு திணறும். அப்போது மருத்துவமனையில் போடும் ஊசி அட்ரோபின். அந்த அட்ரோபின் ஊமத்தையிலும் அதன் குடும்பச் செடிகளிலும் உள்ள சத்து. நாடித்துடிப்பையும் கண்மணியையும் பார்த்துப் பார்த்து மில்லிகிராம் கணக்கில் மருத்துவர் ஏற்றுவதால் அது உயிர் காக்கிறது. இலைக்கு இலை, விதைக்கு விதை வீரியம் மாறும் ஊமத்தையைப் பறித்து வீட்டில் யாருக்கும் கொடுக்கக் கூடாது. அப்படிக் கொடுத்தால் ஒரு நஞ்சோடு இன்னொரு நஞ்சும் சேரும்.

மூலிகைப் பாத்தியில் பூச்சி விழுந்தால்

இந்த நூலை வாங்கியவர்களில் பலர் மூலிகை வளர்ப்பவர்கள். அவர்களுடைய சிக்கல் வேறு. திருப்பூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கண்வலிக்கிழங்கு பெரும்பயிர். நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது. விதையிலிருந்து எடுக்கும் கோல்சிசின், கீல்வாத மருந்தாக உலகெங்கும் போகிறது. சேலம் பக்கம் மருந்துக் கூர்க்கன், தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமையில் நிலவாகை, இராமநாதபுரத்தில் நித்தியகல்யாணி. காசு நிறையப் போட்டு வளர்க்கும் பயிர்கள் என்பதால் கண்வலிக்கிழங்கில் பச்சைப்புழு தென்பட்டவுடனேயே மருந்துக்கடைக்கு ஓடுகிறார்கள்.

மருந்தாகப் போகும் இலையும் வேரும் நோயாளி ஒருவரின் வயிற்றுக்குள் போகப் போகிறது என்பதை அந்த நேரத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். காய்கறி என்றால் கழுவுகிறோம், வேக வைக்கிறோம். மூலிகையைக் காய வைக்கிறோம். காயும்போது தண்ணீர் போகும், நஞ்சின் எச்சம் அப்படியே தங்கி, எடைக்கு எடை கூடுதலாகச் செறியும். உலக சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட மூலிகைச் சாகுபடி வழிகாட்டு நெறிகளும் பூச்சிக்கொல்லியைக் கடைசி வழியாக, மிகக் குறைந்த அளவில் மட்டுமே அனுமதிக்கின்றன.

செய்ய வேண்டியவை கைவசம்தான் இருக்கின்றன. காலையில் வெயில் ஏறுமுன் பாத்தியைச் சுற்றிவந்து முட்டைக் குவியலையும் சிறு புழுவையும் இலையோடு கிள்ளி அழிக்க வேண்டும். மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்தால் வெள்ளை ஈ, அசுவினியின் நடமாட்டம் தெரியும். கூர்க்கனுக்கு வேர்முடிச்சு நூற்புழு பெரும் எதிரி. வேப்பம்புண்ணாக்கை அடியுரமாக இட்டு, செண்டுமல்லியைப் பயிர் சுழற்சியில் சேர்த்தால் குறையும். பிறகும் தேவைப்பட்டால் வேப்பங்கொட்டைச் சாறு.

வரப்பு மூலிகை பறிப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி, வல்லாரை எல்லாம் நெல்வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும்தான் செழித்து வளரும். அந்த வயலுக்குத்தான் பருவத்தில் மூன்று நான்கு முறை மருந்தடிக்கிறார்கள். வரப்புக்கே களைக்கொல்லி அடிக்கிறார்கள். மஞ்சள்காமாலை வந்தவருக்காகக் கீழாநெல்லியைப் பறித்து, பச்சையாக அரைத்து, மோரில் கலக்கிக் கொடுப்பார்கள். நலிந்துபோன கல்லீரலுக்கு மூலிகையோடு பூச்சிக்கொல்லியையும் சேர்த்துப் புகட்டுவதாக அது ஆகிவிடக் கூடாது. வயல்காரரைக் கேட்காமல் வரப்பிலிருந்து எதையும் மருந்துக்குப் பறிக்க வேண்டாம். இரண்டு தொட்டியில் மண் போட்டு வீட்டிலேயே கீழாநெல்லியும் துளசியும் வளர்ப்பது எளிது. காமாலைக்கு மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதையும் தள்ளிப்போடக் கூடாது.

கறிவேப்பிலைக்கும் இதே கதைதான். தமிழ்நாட்டிலிருந்து போகும் கறிவேப்பிலையிலும் காய்கறிகளிலும் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக 2015-இல் கேரள அரசு எழுப்பிய புகார் பெரும் விவாதமானது. கடையில் வாங்கும் கறிவேப்பிலையைப் புளிக்கரைசலில் கால்மணி நேரம் ஊற வைத்து, ஓடும் தண்ணீரில் இரண்டு முறை அலசுவது நல்லது. மேலே படிந்ததுதான் இப்படிப் போகும். செடிக்குள் ஊடுருவும் வகை மருந்து எதைக் கொண்டு கழுவினாலும் போகாது.

மருந்துக்கடையில் வாங்கியே ஆக வேண்டுமென்றால்

புகையான் ஒரே வாரத்தில் வயலைத் தீய்த்துவிடும் என்ற நிலையில் ரசாயனத்துக்குப் போகிற விவசாயியைக் குறை சொல்வதில் பயனில்லை. அவர் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் முக்கியம்.

1958-இல் கேரளத்துக்குக் கப்பலில் வந்த கோதுமை மாவில் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி கசிந்து கலந்து, அதைச் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு ஏற்பட்ட விசாரணைகளின் பலனாகவே 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஆண்டுக்கணக்கில் வானத்திலிருந்து தெளிக்கப்பட்ட எண்டோசல்பானை உச்சநீதிமன்றம் 2011-இல்தான் தடுத்தது. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில், ஆள் உயரம் வளர்ந்த பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலியாட்களும் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தலைக்கு மேலே தெளித்த மருந்து முகத்திலேயே இறங்கியது.

ஆகவே கடையில் டப்பாவைக் கையில் வாங்கியதும் முதலில் அதன் சீட்டிலுள்ள நிற முக்கோணத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் கடும் நஞ்சு. அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை முக்கோணத்துக்குக்கூடக் கையுறை தேவை. சிவப்பும் மஞ்சளும் வீட்டுத் தோட்டத்துக்குள் வரவே கூடாது. அடுத்து, கடைசியாகத் தெளித்த நாளிலிருந்து அறுவடைக்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்ற காத்திருப்புக் காலம். அது சீட்டில் அச்சாகியிருக்கும். ‘மூலிகை மருந்து’, ‘ஆர்கானிக்’ என்று அட்டையில் போட்டு விற்கும் புட்டிகளில் ரசாயனம் கலந்திருப்பதும் பிடிபட்டிருக்கிறது. அசாடிராக்டின் எத்தனை பி.பி.எம்., மத்திய பூச்சிக்கொல்லி வாரியப் பதிவு எண் என்ன என்பவை இல்லாத புட்டியை வாங்க வேண்டாம். கடைக்காரர் சொன்னார் என்று இரண்டு மூன்று மருந்தை ஒன்றாகக் கலக்கவும் வேண்டாம்.

கலக்குவதற்கும் தெளிப்பதற்கும் முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி, கண்ணாடி. காற்று முதுகுப்பக்கம் அடிக்கும்படி நடக்க வேண்டும். வெறும் வயிற்றோடு போகக் கூடாது. இடையில் வெற்றிலை, பீடி கூடாது. முடித்ததும் குளித்துவிட்டு, போட்டிருந்த துணியை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்க வேண்டும். காலி டப்பாவை ஓட்டை போட்டு, கிணற்றுக்கும் குளத்துக்கும் எட்டாத இடத்தில் புதைக்க வேண்டும். தலை சுற்றினாலோ குமட்டினாலோ புளித்தண்ணீர், உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல், மருந்து பட்ட துணியைக் கழற்றி உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். டப்பாவையும் சீட்டோடு எடுத்துப் போக வேண்டும். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவர் உடனே முறிமருந்து கொடுக்க முடியும்.

இப்போதே தொடங்க வேண்டிய வேலை

சம்பா நெல்லில் புரட்டாசி, ஐப்பசியில் இலைச்சுருட்டுப்புழு விழும்போது வேப்பங்கொட்டையைத் தேடினால் கிடைக்காது. கிடைத்தாலும் யாரோ மழையில் பொறுக்கிப் பூஞ்சணம் பிடித்ததாக இருக்கும். அந்த நெருக்கடியில்தான் விவசாயி மருந்துக்கடையில் போய் நிற்கிறார். இயற்கை வழி தோற்றுப்போகும் இடம் பெரும்பாலும் இதுதான்.

வேம்பு பழுக்கிற ஆனியும் ஆடியும் இரண்டே மாதம். வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காலையில் ஒரு மணி நேரம் பொறுக்கினாலும் ஒரு வாரத்தில் ஓர் ஏக்கருக்கு வேண்டிய கொட்டை சேர்ந்துவிடும். இந்த ஆனியில் ஒரு சணல் சாக்கை எடுத்து வையுங்கள். பொறுக்கிய தேதியை ஒரு அட்டையில் எழுதி, சாக்கின் வாயில் கட்டிவிடுங்கள். ஐப்பசியில் அது கைகொடுக்கும்.